மூன்றாவது குரல்

கல்லிடைக்குறிச்சி
22 ஜூலை 2024

அன்புள்ள வினோலியா,

போன் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, மதினிக்கு மனசே இல்லை என்று நினைத்திருப்பாய். மனசு இருக்கிறது, போன்தான் இல்லை. என்னுடையது, அப்பாவுடையது, தம்பி சங்கருடையது மூன்றையும் அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். மணி அடித்தாலே தம்பிக்கு வேர்த்துக் கொட்டுகிறது. அதனால்தான் இந்தக் காலத்தில் தபால் ஆபீசுக்குப் போய்க் கடிதத்தாள் வாங்கி எழுதுகிறேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். விசாரிக்கத் தைரியம் வரவில்லை. ராஜிக்கு இருமல் நின்றதா?

செருப்புகூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ இறங்கியபோது சொன்னது தெருவுக்கே கேட்டது. "சீக்கு எம் புருசனுக்கு இல்ல. இந்த வீட்டுக்குத்தான்." அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்வாள். கெட்டது ஒன்றிரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவது தரம் கூப்பிடுவது மனுஷர்தான் என்பாள். இந்த ஊரில் எல்லா அம்மாமாரும் சொல்கிற பேச்சு அது. சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். எங்களுக்கு மறக்கிற பாக்கியம் இல்லை. அம்மா இறந்த அன்று அம்பாசமுத்திரம் ஆபீசில் இருந்த சங்கருக்கு அவள் குரல் கேட்டது. "என்னம்மா?" என்றான். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் போன் வந்தது. பதில் சொன்னதால்தான் அம்மா போனாள் என்று அன்று அவனுக்குள் விழுந்தது. இரண்டு வருஷமாகியும் எழுந்திருக்கவில்லை. உனக்குத் தெரியாததா? வேலையை விட்டான், தெருவை விட்டான். யாராவது முதல் குரலுக்கே பதில் கொடுத்துவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் துடிப்பதைப் பார்க்க முடியாமல் நாங்கள் எல்லாரும் மூன்றாவது குரலுக்குக் காத்திருக்கப் பழகினோம். அதில் என்ன பாவம்? ஒரு கால் ஊனமானவன் வீட்டில் இருந்தால் எல்லாரும் மெதுவாக நடப்பதில்லையா?

அந்தச் சனிக்கிழமை ராஜி புறவாசல் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்துவிட்டு இரண்டு தரம்தான் கூப்பிட்டாள். மூன்றாவதற்குக் காத்திருந்தோம். தண்ணீரில் கிடக்கிறாள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே. தெய்வம் கைவிடவில்லை. நீயும் கைவிடாதே.

சங்கர் பொழுதுக்கும் "வினோ இருக்காளா? ராஜி இருக்காளா?" என்று கேட்கிறான். "அடுக்களையில இருக்கா, பிள்ளை தூங்குது" என்கிறேன். சாயங்காலமானால் அப்பா அடுக்களைக்குள் போய்க் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டிச் சத்தம் உண்டாக்குகிறார். நீ சமைப்பது மாதிரி இருக்கட்டுமே என்று. அவனுக்குத் தெரியும் நீ இல்லை என்று. தெரிந்தும் கேட்கிறான், தெரிந்தே நாங்களும் சொல்கிறோம். சத்தம் கேட்டால் அவன் மூச்சு சீராகிறது. அது போதும் எங்களுக்கு.

வந்துவிடு.

உன் மதினி,
கோமு


உவரி
29 ஜூலை 2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் டைட்டஸ் அண்ணன்தான் முதலில் படித்தான். படித்துவிட்டு, "எட்டி, அங்கன யாருக்குத்தான் சீக்கு?" என்று கேட்டான். நான் சொன்னதையேதான் அவனும் கேட்கிறான்.

பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பிழைத்தாள் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஆடு மேய்க்கிற இசக்கியம்மா அந்தக் கரையில் நின்றாள். சேலையோடு குதித்து முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். நான் கடையிலிருந்து வந்து புறவாசலில் பிள்ளையைப் பார்த்தேன், அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தேன். அங்கே நீங்கள் மூன்று பேரும் நடுவீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாமா கையில் இரண்டு விரல் மடங்கி இருந்தது. இரண்டு குரல் கேட்டாயிற்று, மூன்றாவதற்கு ஒரு விரல் மிச்சம். அந்தக் கையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

அப்பா என்று கூப்பிட்டாளே மதினி. சங்கர் என்று கூப்பிடவில்லை, மாமா பேரைச் சொல்லி நமச்சிவாயம் என்றும் கூப்பிடவில்லை. உலகத்திலேயே அவரை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறது. அதற்குமா எண்ணிக்கை?

எங்கள் ஊரில் கடலுக்குப் போனால் ஒரு வழக்கம். பனியில் ஒரு வள்ளத்துக்கு இன்னொரு வள்ளம் தெரியாது. கூப்பிட்டால் கேட்டவன் அந்த நொடியே குரல் கொடுக்க வேண்டும். பகையாளி கூப்பிட்டாலும் கொடுக்க வேண்டும். "ரெண்டாவது குரலுக்குக் கடல் நேரம் தராதுலே" என்று எங்கள் அப்பா சொல்வார். நான் அப்படி வளர்ந்தவள். உங்கள் வீட்டில் ஏழெட்டு வருஷம் இருந்தும் எனக்கு உங்கள் கணக்கு வரவில்லை. வராமல் போனதும் நல்லதுதான்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? நீங்களும்தான் பக்கத்தில் இருந்தீர்கள். "இது பதற்ற நோய். மாத்திரையும் உண்டு, பழக்கமும் உண்டு, சரியாகும். ஆனா பயம் கேக்குறதை எல்லாம் வீட்டுல உள்ளவங்க செஞ்சு கொடுத்தா, அதுக்கு நீங்க சோறு போட்டு வளக்குறீங்கன்னு அர்த்தம்." வெளியே வந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கல்நெஞ்சுக்காரி." அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது மாமா கரண்டி தட்டுகிறார். நல்லா வளர்த்து வையுங்கள்.

ராஜிக்கு இருமல் நின்றுவிட்டது. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அவள் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் எது வேண்டுமென்றாலும் பக்கத்தில் வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறாள். நேற்று முள் குத்தி ரத்தம் வர, கடற்கரையிலிருந்து வீடுவரை நொண்டியபடியே வந்தாள். "கூப்பிட்டிருக்கலாம்லாட்டி?" என்றேன். காலைத் தூக்கிக் காட்டினாள்.

நான் வரவில்லை.

வினோலியா


கல்லிடைக்குறிச்சி
6 ஆகஸ்ட் 2024

வினோ,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் பிச்சைக்கண்ணுவிடம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சைக்கிள் மணியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "பேரு சொல்லாம எப்படிக்கா தபால் கொடுக்க? இது தபாலா, களவா?" என்று அலுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போகிறார்.

உன் கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்வது தூரத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்து, "அக்கா, சாகப் போறேன், சாகப் போறேன்" என்று கையைப் பிடிக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார். டாக்டர் சொன்ன புத்தி எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகிறது என்று பார். தாயில்லாத பிள்ளை அவன். தாய் இடத்தில் நான் இருக்கிறேன். அவன் நடுங்கட்டும் என்று விட்டுவிட எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் விரலைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நீ போனதிலிருந்து உச்சிப்பொழுதில் கூப்பிடுகிறது.

புறவாசல் பக்கமிருந்து. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் இருக்கும் நேரம். தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது. "அப்பா" என்று ஒரு தரம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தரம். அவ்வளவுதான். மூன்றாவது குரல் வருவதே இல்லை.

முதல் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேன். பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது, அவர்கள் தச்சநல்லூருக்குக் குடிபோய் மாசமாகிவிட்டது. மறுநாள் மைனா என்றேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இரண்டு விரலை மடக்குகிறார். மூன்றாவது வராததால் விரலை நீட்டுவதில்லை. மடக்கியபடியே சோறு பிசைகிறார். விளக்கு வைத்த பிறகுதான் கை விரிகிறது.

சங்கர் காதைப் பொத்திக்கொள்கிறான். "கேக்குதாக்கா?" என்றான். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் சரியான பதில் என்று எனக்குத் தெரியும். என் வாய் "கேக்குது" என்றது.

உனக்கும் ராஜிக்கும் தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறோம். சோறு ஆறியதும் நான் எடுத்துக் காக்காய்க்கு வைத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் காக்காய் வருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் லீவை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனை விட்டுவிட்டுப் போக முடியாது.

கோமு


உவரி
13 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய் ராஜியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் விளையாடி உடம்பு சுட்டது. பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறாள், கேட்கிறதா? உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தட்டு வைத்துக் காக்காய்க்குப் போடுகிறீர்களே, உங்களுக்கு என்ன ஆயிற்று? பிள்ளையை ஆவியாக்கப் பார்க்கிறீர்களா?

அவர் கேட்கிறார் என்றால் புரிகிறது. மாமா வயசானவர். நீங்கள்? நான் அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது, மதம் வேறு என்று இரண்டு வீட்டாரும் முகம் திருப்பிக்கொண்டு நின்றபோது, "வேதக்காரியா இருந்தா என்ன, சாம்பார்ல உப்பு சரியா போடத் தெரியுமா?" என்று கேட்டு உள்ளே கூட்டிப்போனது நீங்கள்தானே. பாம்பு வந்தால் விளக்குமாற்றோடு நிற்கிற ஆள் நீங்கள். உங்களுக்குக் கேட்கிறது என்று எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. கோபம் போய்விட்டது. கோபமாக இருந்தபோது நன்றாக இருந்தேன்.

தூரத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். அதனால் தூரத்தில் இருந்து பேசுவதை நிறுத்துகிறேன்.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதுக்கு வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன், ராஜியைக் கூட்டி வர மாட்டேன், அந்த வாய்க்காலை அவள் இப்போது பார்க்க வேண்டாம். தெருவில் நின்று அவர் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். இரண்டாவது தடவை கூப்பிட மாட்டேன். அவர் வெளியே வந்தால் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போவேன், கூடவே இருப்பேன், எத்தனை மாசமானாலும். வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு கடிதமும் கிடையாது.

வினோ வந்திருக்கா போ என்று தள்ளிவிடாதீர்கள். அவராக வர வேண்டும். அதற்குள் ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் இருக்கிறேனா என்று அவர் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள்.

வினோலியா


கல்லிடைக்குறிச்சி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன்.

சாயங்காலம் அவன் கேட்டான். "அவ இருக்காளா?" என்றான். "இல்லடா. உவரியில இருக்கா" என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நானே குழிக்குள் தள்ளிவிட்ட மாதிரிப் பார்த்தான். மூச்சு மேலும் கீழும் போனது. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நான் மாற்றிச் சொல்லவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றே எழுதலாம். ரொம்ப நேரம் கழித்து நடுக்கம் தானாகக் குறைந்தது. அதுவாகக் குறையும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு பைய ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கன இப்பம் கடல் எப்படி இருக்காம்?"

அதைக் கேட்டு அழுதுவிட்டேன். இரண்டு வருஷத்தில் அவன் வெளியே இருக்கிற ஒன்றைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த நேரத்தில் அடுக்களையில் கரண்டிச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற மாதிரியே, பாத்திரத்தின் விளிம்பில், நீ குழம்பை வழித்துவிட்டுத் தட்டுவாயே அது மாதிரி. அப்பாவைக் கூப்பிட்டு இனிமேல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பூனை என்றார். நானும் பூனை என்றேன். போய்ப் பார்க்கவில்லை. காலையில் பார்த்தபோது எல்லாப் பாத்திரமும் கவிழ்த்தபடியே இருந்தன.

இந்தக் கடிதத்தில் யார் பேரையும் நான் எழுதவில்லை, கவனித்தாயா? பேரைச் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பது எதுவோ அது அந்தப் பேரைக் கற்றுக்கொள்ளும் என்று தோன்றுகிறது. இது மடத்தனம். மடத்தனம் என்று தெரிந்துகொண்டே பேனா எழுத மறுக்கிறது. அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் இத்தனை நாளும்? பக்கத்திலேயே இருந்தும் இது எனக்குப் புரியவில்லை பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா. சீக்கிரமே வந்துவிடு.

உன் மதினி


உவரி
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

அவர் இங்கேதான் இருக்கிறார், பத்திரமாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று சொன்ன நேரத்துக்கு என்னால் வர முடியவில்லை. திசையன்விளை தாண்டி பஸ் டயர் வெடித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து, திருநெல்வேலியில் மாறி, உங்கள் தெருவுக்குள் நுழையும்போது இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. உச்சிப்பொழுது போய்விட்டதே, இனி என்ன கூப்பிட என்று அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். பார்த்தால் அவர் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, இரண்டு கையாலும் படியைப் பிடித்திருக்கிறார். ஆனால் தெருவில் இருக்கிறார் மதினி! என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? போவோமா?" என்றார்.

நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. உள்ளே போனால் மறுபடி வெளியே வர மாட்டாரோ என்று பயந்து, ஒரு துணிமணிகூட எடுக்காமல் அப்படியே கூட்டி வந்துவிட்டேன். மாமா தெருவரை ஓடி வந்து செருப்பைக் கொடுத்தார். நீங்கள் வெளியே வரவில்லை. கதவிடுக்கில் உங்கள் சேலை மட்டும் தெரிந்தது. எனக்காக அவரை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தது நீங்கள்தான் என்று தெரியும். தள்ளிவிடாதீர்கள் என்று நான் எழுதியதை மீறியிருக்கிறீர்கள். பரவாயில்லை. காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் ஒன்றும் ஆகாது, இரண்டடி முன்னால் ஓரடி பின்னால் என்றுதான் போகும் என்றார். முந்தாநாள் கோயில் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொண்டார். டைட்டஸ் அண்ணன் சும்மா பக்கத்தில் போய்த் தரையில் படுத்துக்கொண்டு மீன் விலையைப் பற்றிப் பேசினான். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லவே இல்லை. அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள்.

எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். "கூப்பிட்டாவ, வந்தேன்" என்றார். யார் என்றால் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் மதினி?

வினோலியா


கல்லிடைக்குறிச்சி
5 செப்டம்பர் 2024

அன்புள்ளவளுக்கு,

நான் அவனைக் கூப்பிடவில்லை. கொண்டுவந்து உட்கார வைக்கவும் இல்லை. நீ கும்பிட வேண்டியது என்னை அல்ல.

அன்று உச்சிப்பொழுதில் மூன்று பேரும் நடுவீட்டில் இருந்தோம். புறவாசலில் கேட்கும் என்று காத்திருந்தோம், கேட்கவில்லை. வாய்க்கால் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. நீ எந்த நேரமும் தெருவில் நின்று அவன் பேரைச் சொல்லுவாய் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்போது தெருப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தே."

ஒரே ஒரு தரம். உன் பிள்ளையின் குரல். வாசல் நடையில் நின்று கூப்பிட்ட மாதிரி அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

அவன் பேர் இல்லை. அந்த வீட்டில் அத்தை நான் ஒருத்திதான். என்னைத்தான் கூப்பிட்டது. அப்பா ஒரு விரலை மடக்கினார். நான் இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன். வாய்க்காலில் கிடந்த பிள்ளைக்குக் காத்திருந்த மாதிரியே, அதே இடத்தில் உட்கார்ந்து, மறுபடியும் காத்திருந்தேன்.

தம்பி எழுந்தான். கையும் காலும் உதறியது. "ஒன்னத்தான் கூப்பிடுதுக்கா. நீ போவாண்டாம். நீ இரு" என்றான். கதவைத் திறந்து, "வாரேன்!" என்று அந்தத் தெருவே கேட்கச் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

பதில் சொன்னால் சாவு என்று நம்புகிறவன். எனக்கு வந்த குரலுக்கு அவன் பதில் சொன்னான். என் இடத்தில் சாகப் போனான் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? தெருவில் யாருமே இல்லை. செத்துவிடுவோம் என்றுதான் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறான். சாவு வரவில்லை. இரண்டு மணிக்கு நீ வந்தாய்.

இப்போது நான்தான் கதவுப் பக்கம் போவதில்லை. லீவு முடிந்து போன வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு நடைவரை போகிறேன், நெஞ்சு அடைக்கிறது, திரும்பி வந்துவிடுகிறேன். "எல்லாரும் இருக்காவளாப்பா?" என்று கேட்கிறேன். "இருக்காவ, இருக்காவ" என்கிறார் அப்பா. அவர் குரல் நான் தம்பிக்குச் சொன்ன மாதிரியே இருக்கிறது. நேற்று அடுக்களைக்குள் போய்க் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளை அன்று உன்னோடு வந்தாள் என்று எழுது. முன்னாலேயே ஓடி வந்து விளையாட்டாகக் கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொண்டாள் என்று எழுது. அது உண்மையாக இல்லாவிட்டாலும் எழுது. அதைப் படித்தால் எனக்கு மூச்சு வந்துவிடும்.

உன் மதினி


உவரி
12 செப்டம்பர் 2024

அன்புள்ள கோமு மதினிக்கு,

உங்கள் பேரை வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை எழுதித் தருவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஒரே வரி. நீங்களும் இன்றைக்கு நன்றாகத் தூங்குவீர்கள். நாளைக்கு அதே வரியை இன்னொரு தடவை கேட்பீர்கள், நானும் எழுதித் தருவேன், பிறகு நானும் கரண்டி தட்டுகிறவளாகிவிடுவேன். அதனால் பொய் சொல்ல மாட்டேன். ராஜி என்னோடு வரவில்லை. அன்று முழுக்க உவரியில்தான் இருந்தாள்.

உங்கள் கடிதத்தை நேற்று உங்கள் தம்பி சத்தமாகப் படித்தார். தானே படிக்கிறேன் என்று வாங்கிப் படித்தார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார், பிறகு தொடர்ந்தார். முடித்ததும், "அக்காவத் தனியா விட்டுட்டு வந்துட்டோமே" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். பஸ்ஸில் வரப் பயமாக இருக்கிறது என்கிறார். பயத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். சிரித்தார். உங்களையும் மாமாவையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். கேட்டால் நீங்கள் மாட்டேன் என்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். உங்கள் பயம் கூடுமோ என்று தயக்கம். ஆனால் மறைப்பதும் ஒரு மாதிரி கரண்டிச் சத்தம்தான்.

அவர் கடிதத்தைப் படித்தபோது டைட்டஸ் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தான். "அத்தே" என்ற இடம் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. அன்று ராஜியை அவனிடம்தான் விட்டுவிட்டு வந்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மத்தியானக் கோயில் மணி அடிச்சு ஓஞ்ச நேரம். நான் வள்ளத்து நெழல்ல கெடந்தேன். பிள்ள மணல்ல கூடு கட்டிட்டு இருந்தா. திடீர்னு எந்திரிச்சா. கடலுக்கு முதுகக் காட்டிட்டு, அங்கன பனங்காட்டப் பாத்து நின்னா. 'அத்தே'ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு, கரையில நின்ன அத்தன பேரும் திரும்பிட்டாவ. வந்த நாள்ல இருந்து யாரையும் கூப்பிடாத பிள்ள, இப்படிக் கூப்பிடுதாளேன்னு எனக்குச் சந்தோசமாப் போச்சு. வெளையாட்டுன்னு நெனச்சி உங்கிட்டச் சொல்லல."

அதற்குப் பிறகு அவள் தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாளாம். "யாரட்டி கூப்பிட்ட?" என்று அண்ணன் கேட்டிருக்கிறான். மறுபடி உட்கார்ந்து மணலை அள்ளிக்கொண்டே அவள் சொன்னாளாம்:

"அத்தையத்தான் மாமா. அப்பா வாரேன்னு சொல்லிட்டாங்க. அத்தைதான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் நின்று உங்களைக் கூப்பிடுவாள் மதினி. ஒரு தடவைதான் கூப்பிடுவாள்.

வினோலியா